முதல் வரியில் யார் பெயர்

ஏப்ரல் 3, வியாழன்

பெங்களூரிலிருந்து எழில் அனுப்பிய பெட்டி காலை பதினொன்றேகாலுக்கு வந்தது. பிரித்து, மேசையில் பரப்பி, எண்ணி எழுதிக்கொண்டேன். ரப்பர் அச்சுகள் நாற்பத்து மூன்று. மைப்பெட்டிகள் பதினாறு, அதில் பச்சை மட்டும் ஐந்து. அச்சை ஒட்டிப் பிடிக்கும் கண்ணாடி போன்ற கட்டைகள் மூன்று. தங்கத்தூள் இரண்டு டப்பி. மடித்த பழுப்பு அட்டை இருநூறு. கூடவே ஒரு சீட்டு: "அம்மா, காலி இடமும் அழகுதான். எல்லா இடத்துலயும் குத்தி வச்சுராத."

எழில் எங்கள் ஒரே மகள். ஜூன் 5 அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி. பத்திரிகையைக் கையால் செய்ய வேண்டும் என்பதுதான் அவள் எங்களிடம் கேட்ட ஒரே காரியம். ஊரடங்கு நாட்களில் அறைக்குள் இருந்து பழகிய பொழுதுபோக்கு அவளுக்கு அது. இப்போது விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் வேலை என் தலையில். இங்கே விருதுநகரில் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் பிழை திருத்தியிருக்கிறேன். எதையும் அச்சிட்டதில்லை.

"சிவகாசிய பக்கத்துல வச்சுக்கிட்டு, பத்திரிகைய வீட்டுல உக்காந்து குத்தப் போறியா? ஒரு மணி நேரத்துல ஆயிரம் அடிச்சுத் தருவான்" என்றார் என் கணவர் வேலாயுதம்.

"நமக்கு வேண்டியது நூத்தம்பதுதான."

நூற்றைம்பது அட்டை பெரிய காரியமில்லை. அதில் உள்ள இரண்டு வரிதான் பெரிய காரியம். 'தாய்மாமன்மார்' என்று போட்டு என் அண்ணன் பெயரும் தம்பி பெயரும் வர வேண்டும். இருவரும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவரும் மணமேடையில் ஒன்றாக நின்று எழிலுக்கு மாலை போட வேண்டும். இந்தக் கல்யாணத்தில் எனக்கு வேறு கவலை கிடையாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். அண்ணன் சங்கரபாண்டியனுக்குச் சிவகாசியில் காலண்டர் ஏஜென்சி. தம்பி கனகவேலுக்குச் சாத்தூரில் காரச்சேவுக் கடை.

அண்ணன், "மூத்தவன் பேரு மொதல்ல. இதுல பேச என்னம்மா இருக்கு?" என்றார்.

தம்பியிடம் பேச நிறைய இருந்தது. "யக்கா, அவரு மகன் கல்யாணத்துல எண்ணூறு பத்திரிகை அடிச்சாரு. ஒண்ணுல கூட எம் பேரு இல்ல. கடைக்கு வாரவன் போறவன் எல்லாம், 'ஏம்பா கனகவேலு, நீ அந்த வீட்டுப் பிள்ளை இல்லையா'ன்னு கேட்டான். இந்தப் பத்திரிகையில எம் பேரு மேல வரணும். இல்லன்னா பேரே போடாத, நானும் வரல."

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"எனக்கு மேல அவன் பேரா? அப்ப அவனையே ரெண்டு மாலையும் போடச் சொல்லு."

அந்த எண்ணூறு பத்திரிகை விவகாரம் பழைய கதை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மாலையில், எழுத்தை அழிக்கிற ரப்பர் கட்டி ஒன்றில் பேனாக்கத்தியால் வாழைமரம் செதுக்க ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஆறாவது ரப்பரில் வாழைமரம் வாழைமரமாக வந்தது. முதல் ஐந்தும் குடை.

ஏப்ரல் 12, சனி

இன்று தங்கத்தூள். மெதுவாகக் காய்கிற மையில் அச்சைக் குத்த வேண்டும். ஈரம் போவதற்குள் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். பிறகு சூடு காட்டினால் தூள் உருகிப் பொன் கம்பி மாதிரி எழும்பி நிற்கும். சூடு காட்டும் கருவியை எழில் பெட்டியில் வைக்க மறந்துவிட்டாள். தலைமுடி காயவைக்கும் மிஷின் இருக்கிறதே என்று அதை எடுத்தேன்.

அது சூட்டைவிடக் காற்றைத்தான் அதிகம் தருகிறது. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் மேல் அரை டப்பி தூள் போய் இறங்கியது. புருவம், மீசை, காதுமடல் எல்லாம் பொன்.

"உற்சவத்துக்குப் பொறப்பட வேண்டியதுதான்" என்றார், அசையாமல்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையை இடுக்கியால் பிடித்துக் கல்லுக்கு அரை அங்குலம் மேலே காட்டினோம். முப்பது எண்ணுவதற்குள் தூள் உருகியது. வாழைமரம் பளபளத்தது. இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

இரவு தோசையில் ஒரு மினுமினுப்பு இருந்தது. கல்லைத் தேய்த்தது போதாது. தோசையைக் கொட்டிவிட்டு உப்புமா கிண்டினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுத்துகளைக் கையால் செதுக்க முடியாது. பஸ் நிலையத்துக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் ராயப்பன் கடைக்குப் போனேன். நாள், நேரம், மண்டபம், பெண்ணைப் பெற்றவர்கள், மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாம் ஒரே பெரிய கட்டையில். அதன் கீழே மாமன்மார்.

"ரெண்டு மாமா பேரையும் ஒரே கட்டையில போட்டுறவாம்மா? ஒரே குத்தாப் போயிரும்" என்றார் ராயப்பன்.

"வேண்டாம். தனித்தனியாப் போடுங்க."

"ஏன், ரெண்டு தடவை குத்தணுமே?"

"பரவால்ல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே மெல்லத் தெரிந்தது. மிஷினில் அடித்தால் எண்ணூறும் ஒன்று போலத்தான் இருக்கும். கையால் குத்துகிறவளுக்கு ஒவ்வொரு அட்டையும் தனி. சங்கரபாண்டியன் மேலே, கனகவேல் கீழே என்று ஒன்று. கனகவேல் மேலே, சங்கரபாண்டியன் கீழே என்று இன்னொன்று. சிவகாசிப் பக்கத்து உறவுக்கு முதல் வகை. சாத்தூர்ப் பக்கத்து உறவுக்கு இரண்டாம் வகை. அவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதே இல்லை. எப்படித் தெரியும்?

இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு பெயரும் இரண்டிலும் இருக்கின்றன.

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் பத்து அட்டை வீண். சீக்கிரம் காய்கிற பச்சை மையில் ஓரத்தில் மாவிலை குத்தியிருந்தேன். தண்ணீர் விட்டுச் சோதிக்கவில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்ததும் மாவிலை கரைந்து வழிந்து, பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிட்டது. எழிலுக்குப் படம் அனுப்பினேன்.

"அம்மா, இந்த மை தயார் பண்றவங்க வெயில், மழை எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்ணிருப்பாங்க. மஞ்சளுக்குப் பண்ணிருக்க மாட்டாங்க" என்று சிரித்தாள்.

இனி மூலைகள் காலி. காலி இடமும் அழகுதான் என்று சொன்னவள் அவள்.

அட்டையின் அடிப்பாகத்தில் போன வருடத்துக் காலண்டர்த் தாளைக் கிழித்து ஒட்டி, அதன் மேல் பஞ்சால் இளம் மஞ்சள் மையைத் தேய்த்துவிடுகிறேன். கௌரி பஞ்சாங்கமும் ராகு காலமும் மங்கலாகத் தெரிகின்றன. என் பழைய பட்டுச்சேலைக் கரையில் விரல் அகலத் துண்டு ஒன்று. அதன் மேல் பொன் வாழைமரம். நான் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

நூற்றைம்பதும் முடிந்தன. அண்ணன் மேலே எழுபத்தெட்டு, தம்பி மேலே எழுபத்திரண்டு. பின்பக்கம் சின்ன மாவிலை ஒன்று குத்தியிருக்கிறேன். இலையின் நுனி இடப்பக்கம் பார்த்தால் சிவகாசிக்கு, வலப்பக்கம் பார்த்தால் சாத்தூருக்கு. இது எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும்.

அவர் இரண்டு அட்டைகளைக் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு வடிவு? அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதெல்லாம் வந்துருக்குமா?"

"நாளைக்குத் தாம்பூலப் பைக்குச் சொல்லணும். ஞாபகப்படுத்துங்க" என்றேன்.

மே 4, ஞாயிறு

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்று காலை எட்டரைக்கே சிவகாசி போய்ச் சேர்ந்தோம். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாமன்மார் பகுதிக்கு நேராகப் போய், முதல் வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தார். பிறகுதான் நாளும் மண்டபமும். கடைசியாக வாழைமரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதை நீயா செஞ்ச? மிஷின் கூட இப்படி அடிக்காது பாத்துக்கோ" என்றார். காலண்டர்க்காரர் வாயில் அது வருவது சாதாரணமில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாத்தூரில் தம்பியும் அதே இடத்தில்தான் விரல் வைத்தான்.

"பாத்தியாக்கா, ஒனக்குத்தான் நியாயம் தெரியும்" என்றான். கிளம்பும்போது இரண்டு கிலோ காரச்சேவைப் பொட்டலம் கட்டி வண்டியில் வைத்தான்.

இரண்டு பேரும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் என் கணவர் கண்ணை ரோட்டிலேயே வைத்து ஓட்டினார். நான் காரச்சேவு தின்றுகொண்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

எங்கள் குடும்பத்து வாட்ஸப் குழுவில் அறுபத்து நான்கு பேர் இருக்கிறார்கள்.

மாலை நான்கு பத்துக்குத் தம்பி மகள் பத்திரிகையைப் படம் எடுத்துப் போட்டாள்: "எங்க அத்தை கையால செஞ்ச பத்திரிகை, எவ்ளோ அழகு!" பத்தொன்பது இதயங்கள் விழுந்தன. நான்கு பதினாறுக்கு அண்ணன் மருமகள், "எங்க வீட்டுக்கும் வந்துச்சே!" என்று தங்கள் பத்திரிகையைப் போட்டாள். அதற்கு ஏழு இதயங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து சித்தப்பா மகன் கேட்டான்: "ரெண்டுல எது ஒரிஜினல்?"

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இலை எந்தப் பக்கம் பாக்கணும்னு யோசிச்ச. போனை யோசிக்கலையே."

மே 12, திங்கள்

போனை அணைத்து வைத்திருக்கிறேன். வடகம் பிழிந்தேன்.

மே 13, செவ்வாய்

பதினொன்றரைக்கு வாசலில் கார் நின்றது. தாம்பூலப் பைக்கான சீட்டுகளில் சங்கு குத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கார்க் கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு கார்தான். முன் இருக்கையிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

அண்ணன் தம்பிக்குப் போன் செய்திருக்கிறார். நான்கு வருடத்தில் முதல் போன். "ஒனக்கு எப்படி வந்துச்சு, எனக்கு எப்படி வந்துச்சு" என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். சாத்தூருக்கு வந்து தம்பியை ஏற்றிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

"யாரை முட்டாளாக்குற வடிவு?" என்று அண்ணன் உட்காராமலே கேட்டார்.

"ரெண்டு பேரையும்தான்" என்றான் தம்பி. "அதுல மட்டும் ஆளுக்குப் பாதி சரியாப் பங்கு வச்சிருக்கா."

"எழுபத்தெட்டு, எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"கணக்கு வேற!" என்று அண்ணன் நெற்றியில் கை வைத்தார். "லேய், இவ சொல்லித்தான நான் உன்னைப் பத்தி எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தேன். 'தம்பி இன்னும் கோவமா இருக்கான்'னு சொல்லுவா."

"எங்கிட்ட 'அண்ணன் எறங்கி வர மாட்டாரு'ன்னா. அது சரி, எறங்கி வரணும்னா அவரு எம் பேரை எடுத்ததுக்கு ஒரு காரணம் சொல்லணும்ல?"

"நான் எடுக்கலைலே! நான் எழுதிக் கொடுத்த தாள்ல உம் பேரு இருந்துச்சு. மூணாவது வரி. அச்சுல எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சொந்தத் தம்பி ஒரு வார்த்தை கேக்காம வேணும்னு செஞ்சேன்னு நெனச்சான். நான் ஏன் வந்து சொல்லணும்?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள்.  என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த அச்சைத் துணியில் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த அச்சுதான்.

"அந்த புரூஃப் பாத்தது நான்" என்றேன்.

எங்கள் அச்சகத்தில்தான் அந்தப் பத்திரிகை அடித்தது. பட்டியலில் சாத்தூர் என்று தொடங்கும் வரிகள் அடுத்தடுத்து இரண்டு. முதலாவது கனகவேல், அடுத்தது எங்கள் பெரியப்பா மகன். கம்ப்யூட்டரில் டைப் அடித்த பையன் தாளிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்ப வைக்கும்போது இரண்டாவது சாத்தூரைப் பிடித்துவிட்டான். ஒரு வரி காணாமல் போயிற்று. அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யார் புரூஃப் வந்தாலும் மூலத்தாளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவேன். அன்றைக்கு மட்டும் வைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பெயர்கள்தானே, எனக்குத் தெரியாத பெயரா என்று படித்துக்கொண்டு போனேன். கனகவேல் பெயரும் இருப்பதாகவே படித்தேன். எண்ணூறும் கொடுத்து முடிந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்வது இன்னும் கடினமாயிற்று.

இதையெல்லாம் இந்த வரிசையில்தான் அவர்களிடம் சொன்னேன்.

முதலில் வாய் திறந்தவன் தம்பி. "நாலு வருசமாக்கா?"

"ஆமா."

"நாலு தீபாவளி! ஒவ்வொரு தீபாவளிக்கும் அவரு ஒரு சேலை எடுப்பாரு, அதைவிட நல்லதா நான் ஒண்ணு எடுப்பேன். ரெண்டையும் வாங்கி மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தியே!"

"போன தடவை எடுத்தது அரக்குல பச்சைக் கரை. ஒன்னோடது என்னலே?" என்று அண்ணன் கேட்டார்.

"மயில் கழுத்து நெறம்."

"அப்ப ஒன்னோடதுதான் ஒசத்தி." அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாப்ள, உங்களுக்கும் இது தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சு மூணு வருசம் ஆச்சு மச்சான். நான் சொல்லப் போனா நான் இந்த வீட்டுல இருக்க வேண்டாமா?"

தம்பிதான் முதலில் சிரித்தான். அண்ணன் சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களைக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் இருவரும் மேசையில் என் இடத்தில் உட்கார்ந்து அச்சுகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். "மையை ஒத்தி எடுங்கண்ணே, தேய்க்காதீங்க." "எனக்கு நீ அச்சடிக்கச் சொல்லித் தாரியா?" நான் காபியோடு வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் எழுந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையை வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"குடும்பத்தோட வந்துரணும்" என்றார்.

வரிக்கு அடியில் விரலை வைத்துப் படித்தேன். மாமன்மாரில் முதல் வரி கனகவேல். எழுத்தைச் சுற்றி மை பிதுங்கியிருந்தது. தம்பிக்குப் பக்குவமான கை, சேவு பிழிகிற கை. அந்த அழுத்தம் அண்ணனுடையது. இரண்டாவது வரி சங்கரபாண்டியன், சுத்தமாக, கோடு பிடித்த மாதிரி விழுந்திருந்தது. மேலே போனேன். பெண்ணைப் பெற்றவர்கள்: வேலாயுதம். அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. கட்டையில் என் பெயர் இருக்கும் இடத்தில் செல்லோ டேப் ஒட்டி, மை போட்டு, டேப்பை உரித்துவிட்டுக் குத்தியிருக்கிறார்கள்.

"எம் பேரு எங்க?"

"அச்சுப் பிழை" என்றார் அண்ணன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"நாலு வருசம் கழிச்சுச் சொல்றோம்" என்றான் தம்பி.

மே 14, புதன்

மிச்சமிருந்த பழுப்பு அட்டைகளை எண்ணினேன். நேற்று அவர்கள் இரண்டு பேரும் கெடுத்தது பதினொன்று.

மே 16, வெள்ளி

எழிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என் கல்யாணப் பத்திரிகையில ரெண்டு பதிப்பு வந்துச்சுன்னு நான் ஆபீஸ்ல சொல்லிக்கலாமாம்மா?" என்றாள்.

சொல்லிக்கொள் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இன்று காலையில்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிப் பட்டு வேட்டியில் ஒன்றாக மேடையேறினார்கள். முதல் மாலை யார் என்று ஐயர் கேட்டதற்கு இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். முகூர்த்தம் போய்விடும் என்று ஐயர் அதட்டினார். கடைசியில் ஒரே மாலையின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துப் போட்டார்கள். உயரம் ஒத்துவராமல் எழிலின் சடையில் மாட்டிக்கொண்டது. அவள் சிரித்த சிரிப்பு புகைப்படத்தில் இருக்கிறது.

முதல் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். இலையில் தம்பி கடைக் காரச்சேவு.

"உப்பு கூடிருச்சுலே" என்றார் அண்ணன்.

"ஒங்க நாக்குல கோளாறு."

"நாப்பது வருசமா காரச்சேவு திங்கிற நாக்குலே இது."

"ஓசியில தின்ன நாக்குக்கு எதுக்குண்ணே நியாயம்?"

"யார் ஓசியில தின்னா? எழுந்திரு, வெளியில வச்சுப் பேசுவோம்!"

குரல் ஏறியது. அடுத்த வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மதினி பதறி என் பக்கம் குனிந்தாள். "வடிவு, ஆரம்பிச்சுட்டாங்க. நீ போயி ஒரு வார்த்தை சொல்லு. ஒனக்குத்தான் ரெண்டு பேரும் கட்டுப்படுவாங்க."

நான் போகவில்லை. இன்னொரு கரண்டி ரசம் கேட்டேன்.